கைகழுவத் தண்ணீரின்றி ஒரு பருவம் வாழ்ந்த ஆசிரியர்கள் இயற்பியல் துறைத் தலைவருக்கு வாசித்தளிக்கும் மடல்

ஒளியை இரண்டாகப் பிரித்து, பிரித்ததைத் திரும்பச் சேர்த்து, சேர்ந்த இடத்தில் தோன்றும் வளையங்களை வைத்த கண் வாங்காமல் பார்த்திருந்த பேராசிரியரே. அளந்ததை மறுபடி அளந்து, மறுபடி அளந்ததை மீண்டும் அளந்து, அருகில் இருந்த அத்தனை பேரையும் அயர வைத்த அம்மையே. கதவை அடைத்தால் புழுங்குகிறது என்றும், திறந்தால் தூசு வருகிறது என்றும், பாதி திறந்தால் ஏன் பாதி என்றும் எங்களைக் கேட்டே எங்கள் ஆயுளில் பாதியைக் கழித்தவரே. எங்கள் இயற்பியல் துறைத் தலைவரே, வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுப் பணியை நிறைவு செய்து இன்று ஓய்வு பெறுகிறீர்கள். ஓய்வு உங்களுக்கா எங்களுக்கா என்பதில் ஆசிரியர் அறையில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. இதை வாசித்து முடித்ததும் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு உங்கள் கையில் தருவோம். நீங்கள் அதை வரவேற்பறையில் மாட்டுவீர்கள். நேராக இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பார்ப்பீர்கள். சுவரே கோணல் என்று கண்டுபிடிப்பீர்கள். கொத்தனாருக்கு ஆள் அனுப்புவீர்கள். எங்களுள் ஒருவர் உங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பாக்கியம் பெற்றவர் என்பதால் இதை ஊகமாகச் சொல்லவில்லை. போன முறை நாள்காட்டி மாட்டியபோது நடந்ததைத்தான் சொல்கிறோம்.

முதலில் உங்கள் கற்பித்தலைப் பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். ஊரெல்லாம் உள்ள ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் ஊசலை ஆட்டிவிட்டுப் புத்தகத்தில் இருக்கும் விடையை எழுதுவார்கள். ஆசிரியரும் அதையே எதிர்பார்த்து, அதைக் கண்டு மகிழ்ந்து, மதிப்பெண் இட்டு வீட்டுக்குப் போவார். எல்லோருக்கும் நேரத்தோடு தேநீர் கிடைக்கும். நீங்களோ, பார்த்ததை எழுது, பார்க்க வேண்டியதை எழுதாதே என்று சொல்லி, கோணல்மாணலான விடைக்கு முழு மதிப்பெண்ணும் கச்சிதமான விடைக்குக் குறுக்கு விசாரணையும் வழங்கினீர்கள். எந்த அளவீட்டைக் கொண்டுவந்து காட்டினாலும் 'இன்னொரு தடவை' என்று சொல்வதால், மாணவர்கள் உங்களுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். 'இன்னொருதடவை வராங்கடா' என்ற குரல் நடைகூடத்தில் கேட்டால், பிழையே செய்யாத வேதியியல் பிள்ளைகள்கூட நோட்டை மூடிக்கொள்வார்கள்.

ஒரு முறை ஒரு பையன் நூலில் வந்ததை நூலிழை பிசகாமல் எழுதிக் கொண்டுவந்தான். அவன் கையில் இருந்த நிறுத்து கடிகாரம் ஓடாத கடிகாரம். நீங்கள் அதைக் காதில் வைத்துப் பார்த்தீர்கள்.

"கடிகாரம் ஓடவே இல்லையேப்பா. நேரம் எங்கருந்து வந்துச்சு?"

"அண்ணன் நோட்டுலருந்து மேடம்."

"சரி. அப்போ மார்க்கையும் அண்ணனுக்கே போட்டுடறேன்."

அடுத்த நாள் அந்தப் பையனின் அப்பா முதல்வர் அறையில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாள் அண்ணனும் வந்துவிட்டான். அவனுக்கு, அந்த விடையைத் தானும் யாரிடமிருந்தோ பார்த்து எழுதியதாக உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய வினாத்தாள் கட்டு மாதிரி அந்த வழக்கு ஒரு மாதம் முதல்வர் மேசையில் கிடந்தது. முடிவில் அந்தப் பையன் அதே ஊசலை ஒழுங்காக ஆட்டி, ஒழுங்கில்லாத ஒரு விடையைக் கொண்டுவந்தான். நீங்கள் மலர்ந்த முகத்தோடு அதை எல்லோருக்கும் காட்டினீர்கள். அந்த முகத்தைப் பார்த்து எங்களுக்கு வந்த எரிச்சலை எந்தக் கருவியாலும் அளந்திருக்க முடியாது.

வீட்டிலாவது விட்டீர்களா என்று விசாரித்தோம். மருந்துக்கடை வைத்திருக்கும் உங்கள் வீட்டுக்காரர் பொறுமைக்கு இலக்கணமானவர். அவர் மதிலோரம் நின்று, பக்கத்து வீட்டிலிருக்கும் எங்களவரிடம் சொன்னதை அப்படியே தருகிறோம்: "எனக்குக் காய்ச்சல் வந்தா மூணு தெர்மாமீட்டர் வைக்கறா. மூணும் ஒத்து வர்றதுக்குள்ள காய்ச்சலே விட்டுப் போயிடுது. இத்தனைக்கும் மருந்துக்கடைக்காரன் நான்."

இனி, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறோம். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் ஆளுக்கொரு மாதிரி சொல்லித் திரிவதால், இந்த மேடையில் ஒரு முறை ஒழுங்காகச் சொல்லிவிடுவது நல்லது.

மேல்மாடியின் கோடியில் உங்கள் ஆய்வறை இருக்கிறது. அதன் சுவரில் பதித்த கல்மேடை. கல்மேடையின் மேல் நீங்களே கூட்டிக் கோத்த குறுக்கீட்டுமானி. குறுக்கீடு என்பது எங்களுக்கும் கைவந்த கலை என்பதால், அது என்ன என்று எட்டிப் பார்த்துக் கேட்டோம். ஒளி இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி ஒன்றுசேரும்போது வெளிச்சமும் இருட்டுமாக வளையங்கள் விழும். கண்ணாடி ஒரு மயிரிழையின் நூற்றில் ஒரு பங்கு நகர்ந்தாலும் வளையம் நகரும் என்றீர்கள். அன்றிலிருந்து அந்த நடைகூடத்தில் ஓசையெழ நடக்கத் தடை. நாற்காலியை இழுக்கத் தடை. வரலாற்று ஆசிரியர் தும்மலுக்குக்கூட மாடிப்படி இறங்கிப் போய்வந்தார்.

ஒரு கண்ணாடியின் மேல் மெல்லிய படலம் ஒன்றைப் பூசி, அதன் கனம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மாறியது. காலையில் மெல்ல மெல்ல மெலிந்தது. நண்பகலில் சடாரென்று இளைத்தது. பிற்பகலில் மறுபடி பெருத்தது. நாள்தோறும் இதே கதை. வெயிலுக்கு ஏற்ப அந்தப் படலம் மூச்சு வாங்கி மூச்சு விடுகிறது என்று எழுதினீர்கள். நீங்கள் எதையும் சும்மா எழுதுபவர் அல்லர். படலம் பூசாத வெறுங்கண்ணாடியையும் வைத்துப் பார்க்கும்படி உடன் உழைத்த இளையவரிடம் சொன்னீர்கள். அது அசையாமல் இருந்தது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. எங்கள் கல்லூரியிலிருந்து அப்படி ஒரு கட்டுரை போனது அதுவே முதல் தடவை.

கட்டுரையில் உங்கள் பெயர் இரண்டாவதாக இருந்தது. முதற்பெயர், உங்களிடமே படித்து உங்கள் துறையிலேயே ஆறு ஆண்டாகத் தற்காலிக விரிவுரையாளராகக் காலம் தள்ளிய இளையவருடையது. அவரை நாங்கள் 'தற்காலிகம்' என்றே அழைப்பது வழக்கம். அவரும் நல்ல மனிதர், சிரித்துக்கொள்வார். ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்தவர்தான் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது விதி. நீங்கள் ஓய்வு பெற்றதும் உங்கள் இடத்துக்குத் தகுதியான ஆள் இல்லையென்றால் இயற்பியல் துறையையே மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே அந்த ஒரு கட்டுரை, அவருக்கு வேலை, துறைக்கு உயிர், கல்லூரிக்குப் பெருமை. உங்களுக்கும் ஒன்று இருந்தது: ஓய்வுக்குப் பின் இரண்டாண்டு பணி நீட்டிப்பு தருவதாக முதல்வர் வாய்திறந்து சொல்லியிருந்தார்.

வாயிலில் பதாகை கட்டினோம். 'மூச்சு விடும் படலம் கண்ட கல்லூரி' என்று பெரிய எழுத்தில். உங்களுக்கு என்ன வேண்டும் கேளுங்கள் என்றார் முதல்வர், வள்ளலைப்போல. வேறு யாராக இருந்தாலும் அறைக்குக் குளிர்சாதனம் கேட்டிருப்பார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கேட்டீர்கள். விடுமுறை நாளில் அந்தக் கட்டடத்துக்கு மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவிடுவது எங்கள் வழக்கம். ஞாயிறு அன்றும் திறந்து தர வேண்டும், படலம் விடுமுறையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். முதல்வர் மனமுவந்து தந்தார். அன்று தந்ததை நினைத்து அவர் இன்றுவரை தலையில் அடித்துக்கொள்கிறார்.

முதல் ஞாயிறு, படலம் மூச்சே விடவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே வளையங்கள் சிலையாக நின்றன. பூச்சு கெட்டுவிட்டதோ என்று நினைத்தீர்கள். திங்கட்கிழமை பார்த்தால் பழையபடி மூச்சு. அடுத்த ஞாயிறு, மொட்டைமாடியில் இருக்கும் பெரிய தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வந்திருந்தார். அவர் தொட்டியைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டார். கீழே உங்கள் வளையங்கள் பிடித்துத் தள்ளியதுபோல் ஓடின.

நீங்கள் மாடிப்படி ஏறி மொட்டைமாடிக்கு வந்தீர்கள். அங்கே நடந்ததைத் தொட்டி கழுவியவர் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதால், எங்களுக்கும் மனப்பாடம்.

"ஐயா, தொட்டிய மறுபடி ரொப்புங்க."

"இன்னும் கழுவவே இல்லம்மா."

"கழுவ வேணாம். ரொப்புங்க."

ரொப்பினார். கீழே போனீர்கள், மேலே வந்தீர்கள்.

"இப்போ காலி பண்ணுங்க."

காலி செய்தார். கீழே போனீர்கள், மேலே வந்தீர்கள்.

"இன்னொரு தடவை."

"அம்மா, தொட்டிக்குள்ள ஏதாவது விழுந்துடுச்சா? நகையா? சொல்லிட்டீங்கன்னா நானே கைய விட்டுத் தேடிக் குடுத்துடறேன். இப்படி ரொப்பி ரொப்பி ஊத்தறதுக்கு எனக்கு மனசு கேக்கல."

மாலைவரை அவரை விடவில்லை. உங்கள் கல்மேடை பதிந்திருக்கும் அதே சுவரின் தலையில்தான் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. தொட்டி நிறைந்தால் சுவர் துளி அமுங்குகிறது. காலியானால் துளி நிமிர்கிறது. அந்தத் துளியைத்தான் நீங்கள் படலத்தின் மூச்சு என்று எழுதியிருந்தீர்கள். காலை முழுவதும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நண்பகலில் கல்லூரியே சாப்பிட்டுக் கைகழுவும். பிற்பகலில் காவலாளி மோட்டாரைப் போடுவார். உலகம் வியந்த அந்தச் சுவாசம் எங்கள் கைகழுவல்.

அப்படியானால் வெறுங்கண்ணாடி ஏன் அசையவில்லை என்று நீங்கள் கேட்பதற்கு முன் இளையவரே தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பகலில் கருவி படலத்துக்கு வேண்டியிருந்ததால், வெறுங்கண்ணாடியை அவர் தினமும் வகுப்பு முடிந்து மாலையில்தான் வைத்துப் பார்த்திருக்கிறார். மாலையில் கைகழுவ யார் இருக்கிறார்கள்? தொட்டியும் அசையவில்லை, கண்ணாடியும் அசையவில்லை. பகலில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பார்ப்பதை நீங்களும் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. எங்கள் கதவு எத்தனை விரற்கடை திறந்திருக்கிறது என்பதுவரை கவனித்தவர் நீங்கள். இதைச் சொல்லிக்காட்ட இன்றைவிட நல்ல மேடை எங்களுக்கு இனி வாய்க்காது.

சரி, தெரிந்துவிட்டது. தெரிந்ததும் வேறொருவர் என்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக்கு வருவதை நிறுத்திக்கொள்வார். நீங்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினீர்கள். முதல்வர் உங்களை அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை.

"மேடம், தொட்டி நம்ம தொட்டி. சுவரு நம்ம சுவரு. வீட்டு விஷயத்த எதுக்கு வெளிய சொல்லணும்?"

"நாமதான சார் வெளிய சொன்னோம். பதாகை கட்டி."

"பதாகைய வேணா கழட்டிடறேன். கட்டுரைய விட்டுடுங்களேன்."

கடிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும் என்றது ஆய்விதழ். இளையவர் மறுத்துவிட்டார். ஆசிரியர் அறை முழுக்க அவர் பக்கம். உங்களுக்கென்ன, ஓய்வூதியம் காத்திருக்கிறது. மாதா மாதம் மாமனார் 'நிரந்தரம் எப்போ மாப்பிள்ளை' என்று கேட்கும் கேள்விக்கு அவரல்லவா பதில் சொல்ல வேண்டும் என்று நாங்கள் பேசினோம். உங்கள் முதுகுக்குப் பின்னால் பேசினோம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் காதில் விழும் தூரத்தில்தான் பேசினோம். நீங்கள்தான் நிமிரவில்லை.

ஒரு மாலை அவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். பக்கத்து வீட்டில் எங்களவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிவதற்குள் அந்தச் செடி மூழ்கிவிட்டது.

"மேடம், இத திரும்ப யாரு அளந்து பாக்கப் போறா? நம்ம தொட்டி உலகத்துல வேற எங்க இருக்கு?"

"அதுதான்ப்பா பயமா இருக்கு. வேற எங்கயோ ஒரு பிள்ள நம்ம கட்டுரைய நம்பி அளக்க உக்காரும். அங்க தொட்டி இருக்காது. எங்க தப்பு பண்ணோம்னு தெரியாம ரெண்டு வருஷம் முழிக்கும்."

"அந்தப் பிள்ளைக்கு ரெண்டு வருஷம். எனக்கு ஆறு வருஷம் மேடம்."

நீங்கள் வாசல் விளக்கைப் போட்டீர்கள்.

"சாப்டியா?"

"பேச்ச மாத்தாதீங்க."

"மாத்தல. உன்ன நான் கையெழுத்துப் போடச் சொல்லல. நாளைக்கு மத்தியானம் வெறுங்கண்ணாடிய வெச்சு நீயே உக்காந்து பாரு. பாத்துட்டும் போட வேணாம்னு தோணுச்சுன்னா, போடாத. நான் தனியா எழுதி அனுப்பிக்கறேன், என் தப்புன்னு மட்டும்."

மறுநாள் நண்பகலில் அவர் ஆய்வறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். நாங்கள் சாப்பிட்டு முடித்து வரிசையாகக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தோம். அப்போது அவர் வெளியே வந்தார். உள்ளே வெறுங்கண்ணாடியும் மூச்சு விட்டிருந்தது. எங்களையும், குழாயையும், எங்கள் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கழுவுங்க. நல்லாக் கழுவுங்க. விரல் இடுக்கெல்லாம் விட்டுடாதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஏன் கோபம் என்று தெரியாமல் வணிகவியல் துறைத் தலைவர் மறுபடி ஒரு முறை கழுவினார். அன்று மாலை இளையவர் கையெழுத்திட்டார். கட்டுரை போயிற்று, பணி நீட்டிப்புப் பேச்சும் போயிற்று, அவருடைய தகுதியும் போயிற்று. பதாகையை இறக்கியபோது நாங்கள் யாரும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்பதே நேரான சொல்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்த மடல் இவ்வளவு நீண்டிருக்காது. படலம் உண்மையிலேயே மூச்சு விடுகிறதா இல்லையா என்பது இப்போதும் தெரியாதே என்றீர்கள். தொட்டியை அசையாமல் வைத்துப் பகலில் அளந்தால் தெரிந்துவிடும் என்றீர்கள். நீங்களும் இளையவரும் முதல்வரிடம் போய் நின்றீர்கள். அவருக்கு அப்போது யாரோடும் வாதாடத் தெம்பில்லை. அந்தப் பருவம் முழுவதும் வகுப்பு நேரத்தில் மேல்தொட்டியின் குழாய்கள் அடைக்கப்பட்டன. கிணற்றடியிலிருந்து வாளியில் தண்ணீர் வந்தது. முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற நாங்கள், சாப்பிட்ட கையோடு வாளிக்கு வரிசையில் நின்றோம். மழை நாளில் குடை பிடித்து நின்றோம். குவளைக்குச் சண்டை வந்தது. வணிகவியல் தலைவர் ஒரு நாள் பொங்கிவிட்டார்.

"மேடம், உங்க இயற்பியலுக்கும் என் கைக்கும் என்ன சம்பந்தம்?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? போன கட்டுரையில மூணாவது பேரா உங்க கையத்தான் போட்டிருக்கணும்."

அவர் கையை உயர்த்திப் பார்த்துக்கொண்டே போனார். இன்றுவரை அதைப் பெருமையாகவும் சொல்கிறார், குறையாகவும் சொல்கிறார், ஆளைப் பொறுத்து.

பருவம் முடிந்தது. முடிவு என்ன என்று ஆவலோடு கேட்டோம். பாடுபட்டவர்கள் அல்லவா. நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னீர்கள்: "ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லை. படலம் மூச்சு விடவில்லை. இம்மியும் நகரவில்லை. பருவம் முழுக்க வாளி சுமந்து, முழங்கை வலி கண்டு, உறவுகள் கசந்து, கல்லூரியே கூடிக் கண்டறிந்தது, ஒன்றும் இல்லை என்பது. 'எத்தனை நுட்பமாக ஒன்றும் இல்லை தெரியுமா' என்று நீங்கள் விளக்கத் தொடங்கியபோது, எங்களுள் மூவர் எழுந்து வெளியே போனோம். வெளியே போனதற்கு இப்போது வருந்துகிறோம். கொஞ்சம்.

அந்த ஒன்றுமில்லாமையையும், தொட்டி ஏமாற்றிய கதையையும், அந்த ஏமாற்றத்தை எப்படி அளந்து கழிப்பது என்பதையும் இருவரும் எழுதி அனுப்பினீர்கள். அதே ஆய்விதழ் அதை ஏற்றுக்கொண்டது. இந்த முறையும் உங்கள் பெயர் இரண்டாவது. இளையவர் விண்ணப்பித்தார். போன வாரம் தேர்வுக்குழு வந்தது. திரும்பப் பெற்ற கட்டுரை ஒன்று, ஒன்றுமில்லை என்ற கட்டுரை ஒன்று. இரண்டையும் கூட்டினால் தகுதி வருமா என்று குழுவுக்குள்ளேயே வழக்கு. உள்ளே போனவர் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர், ஏன் திரும்பப் பெற்றீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். 'நாங்க கை கழுவினோம் சார்' என்று தொடங்கினாராம் இவர். குழுவுக்குக் கொண்டுபோன தேநீர் அப்படியே ஆறித் திரும்பியது. உள்ளே சிரித்தார்களா சினந்தார்களா என்பது தேநீர் கொண்டுபோனவருக்கும் விளங்கவில்லை.

அன்றிலிருந்து நீங்கள் இருந்த இருப்பை நாங்கள் பார்த்தோம். ஓய்வு விழாவுக்கு என்ன நிறத்தில் திரை கட்டலாம் என்று கேட்டால், 'உத்தரவு வந்துச்சா' என்றீர்கள். மதிலோரம் எங்களவர் நலம் விசாரித்தபோது உங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: "தூக்கமே இல்ல அவளுக்கு. 'அவன் வாழ்க்கைய நான் கெடுத்துட்டேனோ'ன்னு கேக்கறா. கெடுக்கலன்னு ஒரு தடவை சொன்னா நம்ப மாட்டேங்கறா. எத்தன தடவ சொல்றது?"

ஆகவே இந்தப் பத்தியை எழுதியே தீர வேண்டியதாயிற்று. மேதகு முதல்வர் அவர்கள் எங்களைப் பொறுத்தருள வேண்டும். முதல்வரே, இன்று காலை வந்த உத்தரவு உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. விழா முடிவில் நீங்களே எழுந்து கம்பீரமாக அறிவிக்கலாம் என்று வைத்திருக்கிறீர்கள். அலுவலகத்தில் அதை முதலில் பிரித்தவர் எங்களுள் ஒருவரின் நாத்தனார். இவ்வளவு நேரம் நாங்கள் அடக்கி வைத்திருந்ததே அதிகம்.

பேராசிரியரே, இயற்பியல் துறை மூடப்படவில்லை. உங்கள் இடத்துக்கு இளையவரை நிரந்தரமாக நியமித்திருக்கிறார்கள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவருக்கும் இது இந்த நொடியில்தான் தெரிகிறது. அவர் பக்கத்தில் இருக்கும் மாமனார் இந்நேரம் எழுந்து நின்றிருப்பார். அவரை அமரும்படி அன்போடு வேண்டுகிறோம். நீங்களும் எழுந்துவிட வேண்டாம். இன்னும் வாழ்த்து மிச்சம் இருக்கிறது. நிபுணர் தம் குறிப்பில் எழுதியதாக நாத்தனார் சொன்னதையும் சேர்த்துவிடுகிறோம்: 'தன் பிழை எத்தனை பெரியது என்று அளந்து சொல்லக்கூடிய ஆளை எங்கள் பெரிய நிறுவனத்திலும் தேடிக்கொண்டிருக்கிறோம்.'

அவர் வாழ்க்கையை நீங்கள் கெடுக்கவில்லை. எங்கள் மதிய உணவு இடைவேளையைத்தான் கெடுத்தீர்கள். அதை மன்னிக்க எங்களுக்கு இன்னும் சில காலம் ஆகும். அதுவரை நீங்கள் உயிரோடும் நலத்தோடும் இருந்தாக வேண்டும் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள்.

இந்த மடலின் முதற்படியை, உத்தரவுச் செய்தியை மட்டும் மறைத்து, இன்று முற்பகலில் இளையவரிடம் காட்டினோம். பாராட்டி எழுதியிருந்த அடைமொழிகளில் பாதிக்குமேல் அவர் அடித்துவிட்டார். 'தன்னிகரற்ற' என்பதற்கு எதிரில், யார் யாரோடு ஒப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். அதனால்தான் இம்மடல் வழக்கமான மடல்களைவிட மெலிந்து காணப்படுகிறது. இறுதியில் நாங்கள் 'நூறாண்டு வாழ்க' என்று எழுதியிருந்தோம். எந்த எண்ணையும் அதன் பிழையளவு இல்லாமல் எழுதக் கூடாது, கூடவோ குறையவோ இத்தனை என்று சேர்த்து எழுதுங்கள் என்றார். குறைய என்ற சொல்லை வாழ்த்தில் எழுத எங்களுக்குக் கை வரவில்லை. ஆசிரியர் அறையில் பெரிய வாதம் நடந்தது, குரல்கள் உயர்ந்தன. முடிவில் வணிகவியல் தலைவர் தீர்ப்புச் சொன்னார். அதன்படி எழுதுகிறோம்:

நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நூறாண்டு வாழ்க. பிழை இருந்தால் அது கூடுகிற பக்கம் மட்டும் இருக்கட்டும்.

அளவீடு எப்போதும் ஒரே பக்கமாகப் பிழைத்தால் கருவியில் எங்கோ கோளாறு என்று பொருளாம், இளையவர் எச்சரிக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ஒரு கோளாறை மட்டும் தயவுசெய்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம்.

இங்ஙனம்,
உங்களால் அயர்ந்தும் உங்களை அனுப்ப மனமின்றியும் நிற்கும்
கல்லூரி ஆசிரியர்கள், அலுவலகத்தார், ஒரு நாத்தனார்